மடைத்தூணில் ஓர் எழுத்து

போன மார்ச் மாதம் குற்றாலம் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் மகளிர் தினத்துக்குப் பேச வரச் சொன்னார்கள். கொடுத்த தலைப்பு 'வரலாற்றில் பெண்கள்'. நான் பேச்சாளர் இல்லை. கல்வெட்டுகளுக்கு மைப்படி எடுக்கும் அரசு வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவள். எழுதிக்கொண்டு போன மூன்று பக்கத்தையும் ஏழு நிமிடத்தில் வாசித்து முடித்துவிட்டேன். மீதி நேரத்துக்குக் கேள்வி கேட்கலாம் என்றார்கள். இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். ராயகிரிக்காரியாம்.

"மேடம், எங்க பாடப் புத்தகத்துல ராணிங்க நாலு பேரத் தவிர பொம்பளைங்களே இல்ல. கல்லுலயாச்சும் இருக்காங்களா?"

"இருக்காவ. நெறைய பேரு இருக்காவ. ஒழுங்கா வாசிச்சாத் தெரியும்" என்றேன். கை தட்டினார்கள். சால்வை போர்த்தி அனுப்பிவிட்டார்கள். தென்காசிக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான், அந்தப் பெண்ணுக்கு ஒரு மடைத்தூணின் கதையைச் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியது. அன்று விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

மைப்படி என்றால் கல்லில் வெட்டிய எழுத்தை அப்படியே தாளில் எடுப்பது. முதலில் தேங்காய் நாரும் தண்ணீரும் வைத்துத் தேய்த்து, பாசியும் சுண்ணாம்பும் போகக் கல்லைக் கழுவ வேண்டும். அதற்கென்று இருக்கும் தாளைத் தண்ணீரில் முக்கிக் கல்லின் மேல் ஒட்ட வேண்டும். பிறகு கெட்டி மயிர்ப் பிரஷால் நடுவிலிருந்து ஓரத்தைப் பார்த்துத் தட்டிக்கொண்டே போனால், தாள் எழுத்தின் பள்ளங்களுக்குள் இறங்கி உட்காரும். முக்கால்வாசி காய்ந்ததும் துணிப்பந்தில் மையைத் தொட்டு மேலே ஒத்த வேண்டும். பள்ளத்தில் மை படாது. கறுத்த தாளில் எழுத்து வெள்ளையாக எழும்பி வரும். ஈரம் கூடினால் மை ஊறிவிடும். ரொம்பக் காய்ந்தாலோ தாள் கழன்று கையோடு வந்துவிடும். அந்த நடுப்பதத்தைக் கை கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது.

இப்போது இளையவர்கள் கேமராவால் நூறு படம் எடுத்து, கம்ப்யூட்டரில் வெளிச்சத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். நல்ல காரியம். அது முன்பே வந்திருந்தால் என் வலது தோள்பட்டை தப்பித்திருக்கும்.

வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாகத்தான் வேலைக்கு வந்தேன். அந்தப் பதவிக்கு அதுவரை ஆண்கள்தான் வந்திருந்தார்கள் போல. நியமன உத்தரவில் 'திரு' என்று அச்சாகி, பக்கத்தில் யாரோ பேனாவால் 'மதி' என்று சேர்த்திருந்தார்கள். எனக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. 'திருமதி உலகம்மாள்' ஆகத்தான் முதல் நாள் கையெழுத்துப் போட்டேன்.

எனக்கு மேலே இருந்தவர் ஞானப்பிரகாசம் சார், கல்வெட்டு வாசிக்கும் அதிகாரி. பாளையங்கோட்டைக்காரர். வெயிலோ மழையோ, கையில் குடை இருக்கும். சட்டைப்பையில் ஒரு கறுப்புப் பென்சில், ஒரு சிவப்புப் பென்சில். நல்ல வேலை செய்தால் "சரி" என்பார். அதற்கு மேல் அவரிடம் பாராட்டு கிடையாது. திட்டவும் தெரியாது. தப்பு செய்தால் படியைச் சுருட்டி நம் கையிலேயே கொடுத்துவிட்டு, "சாப்பிட்டுட்டு வந்து இன்னொண்ணு எடுங்கம்மா" என்பார்.

சிவகிரிக்கு வடக்கே ஒரு கோயிலில் சுவர் உச்சியில் கல்வெட்டு. சாரம் கட்டியாகிவிட்டது. சேலையைச் சொருகிக்கொண்டு நான் ஏறப் போனபோது கோயில் நிர்வாகி ஒருவர் ஓடி வந்தார்.

"சார், ஒரு பொம்பள வந்து சாமிக்கு மேல ஏறி நிக்கது நல்லாருக்காது. ஆம்பள யாரையாச்சும் ஏறச் சொல்லுங்க."

சார் குடையை மடக்கினார். "தாராளமா. படி எடுக்கத் தெரிஞ்ச ஆம்பள இங்கன யாரு இருக்காங்க? கூப்பிட்டு வாங்க, காத்திருக்கோம்."

கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து காத்திருந்தார். அரை மணி நேரம் ஆனது. நிர்வாகி அங்கும் இங்கும் நடந்தார், போன் பேசினார், கடைசியில் வந்து, "சரி, ஏறட்டும்" என்றார். சார் எழுந்து, "நேரம் போயிட்டு, கொஞ்சம் வேகமா எடுங்கம்மா" என்றார். இது பற்றி அவர் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்தச் சாரத்திலும் எனக்குக் கால் நடுங்கியதில்லை.

அவரிடம் நான் கற்ற பெரிய பாடம் அடைப்புக்குறி. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் எழுத்தைக் கறுப்பில் எழுதுவார். சந்தேகமான எழுத்தைச் சிவப்பில் எழுதி அடைப்புக்குறிக்குள் போடுவார். இருபது வரியில் பதினைந்து அடைப்புக்குறி வந்தாலும் கூசமாட்டார். "இது என் வாசிப்பு, கல்லு சொன்னது இல்லன்னு ஒத்துக்கிடுத அடையாளம் இது. வெக்கப்படப்படாது" என்பார்.

இப்படிப் படித்ததில்தான் பெண்களைப் பார்த்தேன். அரசனின் புகழ் இருபது வரி ஓடும். அது முடிந்த பிறகு ஒரே வரியில், இன்னார் மகள் ஒருத்தி ஒரு விளக்கு எரிய ஆடு கொடுத்திருப்பாள். இன்னார் மனைவி ஒருத்தி நிலம் வைத்திருப்பாள். புத்தகம் எழுதுகிறவர்கள் அந்த இருபது வரியோடு எழுந்துவிடுவார்கள் போலிருக்கிறது. எனக்கு எல்லா வரியும் ஒன்றுதான். எல்லாவற்றையும் தட்டித்தான் ஆக வேண்டும்.

அந்த மடைத்தூண் சாரின் கடைசி வருடத்தில் வந்தது. அவர் ஓய்வு பெற இரண்டு மாதம்கூட இல்லை.

வடகரைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு கிராமம். அங்கே இருப்பவர்கள் இன்றும் இருப்பதால் ஊர்ப் பெயர் வேண்டாம். ஊராட்சிக் குளத்தில் வண்டல் எடுத்து, பழைய மடையைச் சுற்றிச் சிமெண்ட் பூசப் போகிறார்கள், மடைத்தூண்களில் எழுத்து இருக்கிறது, அதற்கு முன்னால் வந்து பாருங்கள் என்று கடிதம் வந்தது. வைகாசி மாதம், குளம் வறண்டு கிடந்தது. குளத்துக்குள்ளே இரண்டு கல்தூண்கள், நடுவில் குறுக்குப் பலகைக் கல். அந்தக் காலத்து மடை அப்படித்தான் இருக்கும். தூணின் அடிப்பாகம் வண்டலுக்குள் புதைந்திருந்தது.

கரையில் ஒரு சிமெண்ட் பலகை. 'இம்மடையைக் கட்டியவர் சாத்தன் மகன் உய்யவந்தான்' என்று பெயிண்டில் எழுதியிருந்தது. எப்போதோ ஒருவர் வந்து தூணைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனதாம். ஊரில் உய்யவந்தான் வீடு என்றே ஒரு குடும்பம் இருந்தது. மடை கட்டியவரின் வழி வந்தவர்கள் தாங்கள்தான் என்பது அவர்கள் நம்பிக்கை. ஊரும் நம்பியது. வருடா வருடம் கார் நெல்லுக்கு மடை திறக்கும் நாளில் முதல் மரியாதையும் பரிவட்டமும் அந்த வீட்டு மூத்த ஆணுக்கு. அப்போது அது சிவசுப்பு அண்ணாச்சி. எழுபது வயது இருக்கும். நாங்கள் போன அன்றே எங்களுக்கு நுங்கு வெட்டி அனுப்பினார்.

தூணைக் கழுவி முதல் படியை எடுத்தேன். வாசகம் சின்னது. சாத்தன், பிறகு 'மக', பிறகு ஓர் எழுத்து, பிறகு 'உய்யவந்தா'. அதற்கடுத்த எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தூணின் விளிம்பு உடைந்துபோயிருந்தது. கீழே 'செய்வித்த மடை' என்று முடிகிறது. ஆகவே எல்லாம் அந்த ஒற்றை எழுத்தில்தான் இருந்தது. அது 'ன்' என்றால் மகன், உய்யவந்தான். 'ள்' என்றால் மகள், உய்யவந்தாள்.

பள்ளிக்கூடத்தில் இரண்டு சுழி 'ன' என்று சொல்லிக்கொடுப்பார்கள் அல்லவா, 'ள'வுக்கோ ஒரு சுழிதான். அந்த இரண்டாம் சுழிதான் சிக்கல். படியில் பார்த்தால் இரண்டாம் சுழி இருப்பது போலத்தான் வெள்ளையாகத் தெரிந்தது. ஆனால் கல்லைக் கழுவும்போது என் விரல் அங்கே போயிருந்தது. உளி வெட்டிய பள்ளம் வழவழவென்று ஒரே ஆழத்தில் ஓடும். இது சொரசொரவென்று இருந்தது. கல் தானாகப் பொரிந்து விழுந்த குழி. மை இரண்டுக்கும் வித்தியாசம் பார்க்காது. விரல் பார்க்கும்.

"சார், இது மகன் இல்ல சார். மகள்!"

அவர் குனிந்து பார்த்தார். தடவிப் பார்த்தார். "இது அத்தாட்சியா, ஆசையா?"

"ரெண்டும் இருக்கு சார்."

"ஆசைய டிபன் பாக்ஸ்ல போட்டு மூடி வையிங்க. காலைல ஒண்ணு, உச்சில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, மூணு படி எடுங்க."

எடுத்தேன். பக்கவாட்டில் கண்ணாடி பிடித்து வெயிலைத் திருப்பியும் பார்த்தோம். கடைசியில் அவர் சிவப்புப் பென்சிலை எடுத்து 'மக[ள்]' என்று அடைப்புக்குறிக்குள் எழுதினார். எனக்குக் கோபம் வந்தது.

"விரலுக்குத் தெரியுதே சார். பெறகும் எதுக்கு அடைப்புக்குறி?"

"உங்க விரல ஃபைல்ல ஒட்ட முடியாதும்மா. நாளைக்கு ஒருத்தன் படிய மட்டும் பாத்துட்டு, பொம்பள ஒருத்தி பொம்பளைக்குச் சாதகமா வாசிச்சுட்டான்னு சொல்லுவான். அதுக்கு எடம் குடுக்கப்படாது. தூண் கீழ போகுது பாருங்க. மடைத்தூண்ல பேர அடிப்பாகத்துல மறுபடி வெட்டுத வழக்கம் உண்டு. தோண்டிப் பாத்திருவோம்."

தோண்ட வேண்டுமானால் ஊராட்சியின் அனுமதிக் கடிதம் வேண்டும். அதற்குள் சேதி ஊருக்குள் பரவிவிட்டது. மறுநாள் காலையில் சிவசுப்பு அண்ணாச்சியே குளத்துக்குள் இறங்கி வந்தார். அதட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"சார், படிச்சவிய நீங்க. எங்க அப்பா, தாத்தா எல்லாரும் இந்தப் பேரச் சொல்லித்தான் பரிவட்டம் கட்டுனாவ. ஒத்த எழுத்து. அத அப்படியே விட்டுட்டுப் போனா யாருக்கு என்ன நட்டம்?"

"அண்ணாச்சி, நான் ஒண்ணும் முடிவு பண்ணல. அடைப்புக்குறி போட்டிருக்கேன். கீழ என்ன இருக்கோ அதத்தான் எழுதப் போறேன். மகன்னு இருந்தா மகன்தான்" என்றார் சார்.

அண்ணாச்சி தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஆனால் மதியம் ஊராட்சி அலுவலகத்துக்கு நாங்கள் போனபோது அவர் வீட்டுப் பேச்சு எங்களுக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

அங்கே தலைவர் நாற்காலியில் இருந்தவர் தலைவர் இல்லை. தலைவரின் கணவர். அது பெண்களுக்கு ஒதுக்கிய இடம். ஜெயித்தவர் பெயர் முப்பிடாதி. நாற்காலியும் சீலும் லெட்டர்பேடும் கணவர் கையில்.

"பெரிய வீட்டு விசயம் சார். சீசன் முடியட்டும், பாத்துக்கிடலாம்" என்றார் அவர்.

சீசன் தொடங்கினால் குற்றாலத்தில் அருவி விழும், இங்கே குளத்தில் தண்ணீர் ஏறும். ஏறுமுன் தூணைச் சுற்றிச் சிமெண்டும் பூசிவிடுவார்கள். சார் ஓய்வு பெற்றுவிடுவார். ஓர் அடைப்புக்குறிக்காக இன்னொரு அதிகாரி இந்தக் குளத்துக்கு வரப்போவதில்லை. வெளியே வந்ததும் சார் குடையை விரித்தார். அவ்வளவுதான் போலிருக்கிறது என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

"சார், நீங்க டீ குடிச்சிட்டு இருங்க. நான் தலைவரப் பாத்துட்டு வாரேன்" என்றேன்.

"இப்பத்தானே பாத்தோம்?"

"அவரு புருஷன்லா சார்."

முப்பிடாதி வீட்டுப் பின்வாசலில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்குள்தான். தலைவரான பிறகும் பீடியை விடவில்லை. என்னைப் பார்த்து முறத்தை இறக்கப் போனார். வேண்டாம் என்று நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நடந்ததைச் சொன்னேன். அந்த எழுத்தைத் தரையில் விரலால் எழுதியும் காட்டினேன். கை நிற்காமல் இலையைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"அந்தக் காலத்துலயாச்சும் அவளே கட்டுனாளாக்கும்? இல்ல, புருஷன் கட்டிட்டு அவ பேரப் போட்டுட்டானா?"

"புருஷன் பேரு கல்லுல இல்ல தாயி."

அவர் கை நின்றது. என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். அது எதற்கான சிரிப்பு என்று எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"எம் பேரு எல்லாத்துலயும் இருக்குக்கா. தண்ணித் தொட்டில இருக்கு, பஸ் ஸ்டாப்புல இருக்கு. ஒண்ணுகூட நான் கட்டல. எங்க எழுதிருக்குன்னு போயிப் பாத்ததுகூட இல்ல." முறத்தைத் தள்ளி வைத்தார். "என்ன எழுதணும், சொல்லுங்க."

"லெட்டர்பேடும் சீலும் அலுவலகத்துல இருக்கே?"

"ஒரு செட்டு பீரோவுல கெடக்கு. சாவி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

உள்ளே போய் எடுத்து வந்தார். நான் சொல்லச் சொல்ல அவரே எழுதினார். எழுத்து நிதானமாக, குண்டு குண்டாக இருந்தது. கையெழுத்துப் போட்டுச் சீலை அழுத்தி, மை காயும்வரை ஊதினார். நாளைக்கு வீட்டில் என்ன நடக்குமோ என்று எனக்குத்தான் பயமாக இருந்தது. அதைக் கேட்டும்விட்டேன்.

"நடக்கது நடக்கட்டும். அடிக்கவா போறாரு? ரெண்டு நாளு சோறு வேண்டாம்பாரு. எனக்கும் ரெண்டு நாளு வேல மிச்சம்" என்றார்.

மறுநாள் விடியற்காலையிலேயே தோண்ட ஆரம்பித்தோம். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் நாலு பேரைக் கணக்குப்பிள்ளையிடம் சொல்லி முப்பிடாதியே அனுப்பியிருந்தார். ஒன்பது மணிக்கு அவர் கணவர் மோட்டார் சைக்கிளில் வந்து கரையில் நின்று கத்தினார். "யாரக் கேட்டுத் தோண்டுதிய? நிப்பாட்டுங்க!" பெண்கள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். சார் கடிதத்தை எடுத்து நீட்டினார். கணவர் அதை வாசித்துக்கொண்டிருக்கும்போதே கரையின் மறுமுனையிலிருந்து முப்பிடாதி நடந்து வந்தார்.

"நான்தான் எழுதிக் குடுத்தேன். என்ன பேசணுமோ வீட்டுல போயிப் பேசிக்கிடலாம். நீங்க வண்டிய எடுங்க."

நாலு பெண்களும் அவரைப் பார்த்தார்கள், அவர் கணவரைப் பார்த்தார்கள். கணவர் கடிதத்தை மடித்து சாரிடமே கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். ஒருத்தி மட்டும் மண்வெட்டியை எடுத்து, "ஏட்டி, வெட்டுவமா?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். வெட்டினார்கள்.

இரண்டடிக்குக் கீழே எழுத்து வந்தது. வண்டல் மூடிக் கிடந்ததால் மேலே இருந்ததைவிடப் புதிதாக இருந்தது. ஆனால் அதே நேரத்தில் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. சாரல் விழ ஆரம்பித்துவிட்டது. மற்ற நாளில் அந்தச் சாரலுக்கு மனம் எப்படிக் குளிரும்! அன்று எனக்கு அழுகை வந்தது. தாள் காயாமல் மை ஒத்த முடியாது. குழியிலும் ஊற்று கசிந்தது. பெண்கள் தார்ப்பாயை நாலு மூலையில் பிடித்துக்கொண்டு கூரைபோல நின்றார்கள். ஒருத்தி கிண்ணத்தால் தண்ணீரை இறைத்தாள். தாளை ஒட்டித் தட்டி முடித்தேன். காயவே இல்லை. முப்பிடாதி வீட்டுக்குப் போய் அடுப்புக் கங்கை இரும்புச்சட்டியில் அள்ளிக்கொண்டு வந்தார். அதைத் தாளுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தோம். கிட்டப் போனால் தாள் கருகும், எட்டப் போனால் காயாது. கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம் அப்படியே மாற்றி மாற்றிப் பிடித்தோம்.

மையை ஒத்த ஆரம்பித்தேன். கறுப்பு பரவப் பரவ எழுத்துகள் ஒவ்வொன்றாய் வெள்ளையாக எழும்பின. சாத்தன். மகள். உய்யவந்தாள். இரண்டு இடத்திலும் ஒற்றைச் சுழி. எந்தக் குழியும் இல்லை, எந்த உடைப்பும் இல்லை. வாய்விட்டுப் படித்தேன். தார்ப்பாயைப் பிடித்திருந்தவர்களில் ஒருத்தி, "ஏ, நெசமாவே பொம்பளதாண்டி!" என்று கத்திவிட்டாள்.

சிவசுப்பு அண்ணாச்சி கரையில் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. சார் மேலே ஏறிப் போய் அவர் கையைப் பிடித்துக் குழிக்குள் இறக்கிக் கூட்டி வந்தார். "நான் சொல்லி நீங்க நம்ப வேண்டாம் அண்ணாச்சி. தொட்டுப் பாருங்க" என்றார். அண்ணாச்சி குனிந்து, அந்த எழுத்துக்குள் விரலை விட்டு மெதுவாக ஓட்டினார். ஒருமுறை, மறுபடி ஒருமுறை. பிறகு கரையேறிப் போய்விட்டார். அவர் முதுகைப் பார்த்தபோது என் சந்தோஷத்தில் பாதி வடிந்துவிட்டது. ஒரு கிழவரிடமிருந்து எதையோ பிடுங்கிவிட்டது போல இருந்தது.

இரண்டு நாள் கழித்து அவர் தென்காசியில் எங்கள் முகாம் அலுவலகத்துக்கு வந்தார். கூட அவருடைய மூத்த மகள் செல்வி. முப்பத்தைந்து வயது இருக்கும். வெயிலில் கறுத்த கை. அண்ணாச்சியின் வயல் முழுவதையும் நாற்றங்காலிலிருந்து அறுவடை வரை அவள்தான் பார்க்கிறாள் என்று அப்புறம் தெரிந்தது.

"அப்ப எங்க வீட்டுப் பேச்செல்லாம் பொய்யா சார்?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"நீங்க அந்தம்மா வழின்னு கல்லுல இல்ல. இல்லன்னும் கல்லுல இல்ல. ஒரு சாத்தன் மக மடை கட்டுனா. அது மட்டுந்தான் இருக்கு. மிச்சத்த நான் சொன்னா அது என் சொந்தச் சரக்கு" என்றார் சார்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "எனக்கு மூணும் பொட்டப் புள்ளைய. எனக்கு வயசாயிட்டு. அடுத்து பரிவட்டம் எந்தம்பி மவனுக்குன்னு ஊருல பேசிட்டாவ. அவன் பெங்களூர்ல இருக்கான். மடை எந்தப் பக்கம் திறக்கும்னு அவனுக்குத் தெரியாது. நானும் ஊரு வழக்கம்னு வாய மூடிட்டு இருந்தேன்." செல்வியைத் திரும்பிப் பார்த்தார். "மடையக் கட்டுனதே ஒரு மவன்னா பேசாம இருக்கலாம். மவள்னு ஆயிட்டே?"

செல்வி, "அப்பா, இப்ப எதுக்கு இதெல்லாம்?" என்றாள். அவருக்கு அது காதில் விழவில்லை. "அத ஒரு தாள்ல எழுதித் தருவியளா சார்? ஊர்க் கூட்டத்துல காட்டணும்."

சார் எழுதிக் கொடுத்தார். கறுப்புப் பென்சிலில், அடைப்புக்குறி இல்லாமல்.

ஓய்வு பெறுவதற்கு முன்னால் சார் கையெழுத்திட்ட கடைசி அறிக்கை அந்த மடைத்தூண் பற்றியதுதான். அதன் நகல் ஒன்றை என்னிடம் கொடுத்தார். எங்கள் அறிக்கைகளில் வாசித்தவர் பெயர் இருக்கும், படி எடுத்தவர் பெயர் இருக்காது. அப்படி ஒரு வழக்கமே இல்லை. இதில் வாசித்தவர் பெயருக்கு மேலே ஒரு வரி சேர்த்திருந்தார்: 'மைப்படி, எழுத்தை முதலில் அடையாளம் கண்டது: உலகம்மாள்.' நான் அந்த வரியை இரண்டு தடவை வாசித்தேன்.

"சரியா இருக்கா?" என்று கேட்டார்.

"சரி சார்" என்றேன். அவரிடமிருந்தே கற்ற வார்த்தை.

ஊர்க் கூட்டம் சுமுகமாக நடந்தது என்று சொல்ல முடியாது. மூன்று தடவை கூடினார்களாம். தம்பி மகன் பெங்களூரிலிருந்து போனில் சண்டை போட்டானாம். "பொம்பள தலையில எப்படிப் பரிவட்டம் கட்டுவிய?" என்று சிலர் கேட்டார்களாம். கடைசிக் கூட்டத்தில் தலைவராக முப்பிடாதியே உட்கார்ந்திருந்தார். "எல்லாருக்கும் கட்டுத மாதிரித்தான் கட்டணும், முன்னாலேருந்து பின்னால" என்றாராம். வேறு ஏதும் அவர் பேசவில்லை என்று சொன்னார்கள்.

ஆனி மாதம் குளம் நிறைந்து மடை திறக்கும் நாளில் எனக்கும் சாருக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கரையில் கூட்டம். கரைப் பலகையில் பழைய பெயிண்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக எழுதியிருந்தார்கள். தூண்கள் தண்ணீருக்குள் தலை மட்டும் தெரிய நின்றன. சிமெண்ட் பூச விடாமல் சார் எழுதி வைத்திருந்ததால் கல் கல்லாகவே இருந்தது.

மரியாதை கூப்பிடுகிறவர் மேளத்தை நிறுத்திவிட்டுக் குரலெடுத்தார். "உய்யவந்தா..." என்று தொடங்கி, பழக்கத்தில் 'ன்' வந்துவிட்டது. கூட்டத்தில் சிரிப்பு. அவர் தொண்டையைச் செருமி, மறுபடி தொடங்கினார். "உய்யவந்தாள் வீட்டுச் சிவசுப்பு மகள் செல்வி!"

செல்வி முன்னால் வந்தாள். பூசாரிக்குப் பட்டுத்துணியைக் கொண்டை மேல் எப்படிச் சுற்றுவது என்று கொஞ்சம் திணறல். அவளே கையை உயர்த்திப் பிடித்துக் கொடுத்தாள். அண்ணாச்சி பக்கத்தில் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அவள் இறங்கி, கரையோரத்தில் பின்னாளில் வைத்திருந்த இரும்பு மடைச் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினாள். மூன்று சுற்று, நாலாவது சுற்றில் தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு வாய்க்காலில் பாய்ந்தது. குலவை எழுந்தது. முப்பிடாதியின் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று செல்வியைத் தேடினேன். பந்தலில் இல்லை. வாய்க்கால் வரப்பில் மண்வெட்டியோடு வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள். நான் கூப்பிட்டதும் திரும்பினாள்.

"கடைசி வயலுக்குத் தண்ணி ஏறுதான்னு பாக்கணும்க்கா. இப்பப் பாக்கலன்னா நடுவுல எவனாச்சும் அடச்சிருவான்."

"தலையில பரிவட்டம் அப்படியே இருக்கு தாயி. சேறு படப்போவுது."

தொட்டுப் பார்த்தாள். அப்போதுதான் நினைவு வந்தது போல. கழற்றப் போனவள், உச்சி வெயிலை நிமிர்ந்து பார்த்துவிட்டு அதை இன்னும் கொஞ்சம் நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இருக்கட்டும்க்கா, வெயிலுக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாள். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, தண்ணீருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது போல வரப்பில் நடந்தாள்.